பதின்மூன்றாம் அடி

மாப்பிள்ளை விதுர்ஷன் மேல் உனக்கு என்னதான் சந்தேகம் என்று யாராவது உட்கார வைத்துக் கேட்டால், விஜயகலாவால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. போன வாரம் ருவான்வெல்லைக்கே போய், அவன் வேலை பார்க்கும் ஃபோன் கடையைச் சுற்றி நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வந்தாயிற்று. குடிக்க மாட்டான், தாய்க்கு அடங்கின பிள்ளை, யார் வம்புக்கும் போக மாட்டான் என்று நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னதுதான் அவளை உறுத்தியது. பரிசத்தை ஒரு மாதம் முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லி மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தியது இன்னொரு உறுத்தல்.

ஞாயிற்றுக்கிழமை பரிசம். இன்று வியாழன்.

தங்கை கிருஷ்ணகுமாரி தாய் தகப்பன் இல்லாத பெண். விஜயகலா கல்யாணமாகிக் கஹவத்தைக்கு வந்தபோது, பாவாடை சட்டையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தவள். அவளை ஆளாக்கியதில் விஜயகலாவின் கணவர் இந்திரகுமாருக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை தகப்பன் இடத்தில் நின்று வெற்றிலைத் தட்டை மாற்றப் போகிறவரும் அவர்தான். ஆகவே குமாரியை ஒரு தப்பான கையில் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் விஜயகலாவின் ஒரே கவலை. அந்தக் கவலைக்குப் புதுத்தீனி அன்று காலையில் குசினிக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

"அக்கா, இதக் கொஞ்சம் பாரேன். அவரு எழுதி அனுப்பியிருக்காரு."

குமாரி ஃபோனை நீட்டினாள். முகமெல்லாம் பூரிப்பு. விஜயகலா ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"கவிதையா?"

அந்தக் கேள்வியைப் பொலிஸ்காரன் கேட்டிருந்தாலும் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டிருப்பான். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. விதுர்ஷன் இதுவரை அனுப்பிய இலக்கியம் எல்லாம் 'சாப்டியா', 'பஸ் ஏறிட்டியா', அதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். அவ்வளவுதான்.

*மழைவிட்ட சாலையில் மண்மணம் ஏறும்*
*குழைவிட்ட கொம்பென என்மனம் தேறும்*

இப்படித் தொடங்கி இறங்கிக்கொண்டே போனது. விஜயகலா படித்து முடிப்பதற்குள்ளேயே அவள் பெருவிரல் அடிகளை எண்ணிவிட்டது. தொழில் பழக்கம். பதினான்கு.

அவள் தோட்டப் பாடசாலையில் ஆங்கில டீச்சர். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியமும் அவள்தான். அதில் சொனெட் என்று ஒரு பா வகை வரும். காதலைச் சொல்லவே பிறந்த வகை. மொத்தம் பதினான்கே அடி. எட்டு அடி வரைக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டு போக வேண்டும், ஒன்பதாம் அடியில் சட்டென்று திரும்ப வேண்டும், கடைசி இரண்டு அடியில் முடிச்சுப் போட வேண்டும். 'ஒன்பதாவது அடி எங்க திரும்புதுன்னு காட்டாட்டி புள்ளி இல்ல' என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டை தேய்ந்திருக்கிறது.

ஒன்பதாம் அடிக்கு விரலைக் கொண்டு போனாள்.

*ஆயினும் உன்னிடம் ஆசையைச் சொல்ல*
*வாயினில் வார்த்தைகள் வந்ததும் இல்லை*

அச்சொட்டாகத் திரும்பியிருந்தது.

"இவரு எங்க சொனெட் படிச்சாரு?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? நெட்ல பாத்திருப்பாரு. இதப் பாருக்கா, என்னையத்தான் எழுதியிருக்காரு." குமாரி திரையைத் தள்ளிக் காட்டினாள்.

*விரல்நுனி எங்கணும் வெண்பொடி கண்டேன்*
*குரல்வழி வந்ததைக் கோவிலாய்க் கொண்டேன்*

"வெண்பொடின்னா என் கையில இருக்குற மாவு!" என்று சிரித்தாள். கஹவத்தை பஸாரில் ஜவ்பர் நானாவின் பேக்கரியில் அவள் வேலை செய்கிறாள். "அன்னைக்கி கடைக்கு வந்தப்ப கையெல்லாம் மாவோட நின்னேன்ல, அத ஞாபகம் வச்சி எழுதியிருக்காரு."

வெளியே வேனைக் கழுவிக்கொண்டிருந்த இந்திரகுமார் ப்ளேன்டீக்காக உள்ளே வந்தார். சொந்த வேன், ஹயர் ஓடுகிறார். அதிகம் பேசாத மனிதர். பேச வேண்டியதையெல்லாம் ஹார்னிலேயே பேசி முடித்துவிடுகிறார் என்று குமாரி கேலி பண்ணுவாள்.

"அத்தான், அவரு எனக்குக் கவித எழுதியிருக்காரு!"

"ஆ, நல்ல விசயந்தானே." அவர் சீனிப் போத்தலைத் தேடி எடுத்தார். பிறகு, "நல்லாருக்கா?" என்று விஜயகலாவைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு எழுதினதுன்னுதான் தெரியணும்."

"ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல, கலா."

"எனக்கு அனுப்பி விடு குமாரி. சும்மா, பாக்கத்தான்."

"செவப்புப் பேனாவ மட்டும் எடுத்துராதக்கா" என்று கெஞ்சிக்கொண்டே குமாரி அனுப்பி வைத்தாள்.

---

இன்டர்வல் மணி அடித்ததும் விஜயகலா ஸ்டாஃப் ரூமில் கோகிலாவைத் தேடிப் பிடித்தாள்.

கோகிலா தமிழ் டீச்சர். ஓப்பநாயக்கவிலிருந்து வருகிறவள். விஜயகலாவைவிட ஆறேழு வயது இளையவள், இன்னும் கல்யாணமாகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் விஜயகலாவின் வீட்டு முன்னறையில் சனிக்கிழமை கிளாஸ் நடத்துகிறார்கள். முதலில் ஆங்கிலம், அது முடிந்ததும் தமிழ். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வீட்டு வேலை நடக்கும், இந்தப் பக்கம் பாடம் நடக்கும்.

யாப்பு விஷயத்தில் கோகிலாவை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளில்லை. பாடசாலைக்கு எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் வரவேற்புப் பா அவள் கட்டியதுதான். இரண்டு இரண்டு அடியாகச் சேர்த்து, ஒவ்வொரு சோடிக்கும் எதுகை வைப்பாள். முதல் அடி 'மழைவிட்ட' என்று தொடங்கினால் அடுத்தது 'குழைவிட்ட' என்று தொடங்க வேண்டும். இரண்டாம் எழுத்து ஒரே எழுத்தாகவோ ஒரே வரிசையாகவோ வர வேண்டும், முதல் எழுத்து குறிலானால் இங்கும் குறில், நெடிலானால் அங்கும் நெடில். ஒரு தடவை விருந்தினராக வர வேண்டிய பணிப்பாளர் கடைசி நேரத்தில் மாறி வேறொருவர் வந்தார். பேரை மட்டும் மாற்றினால் போதுமே என்று எல்லாரும் சொன்னார்கள். கோகிலா கேட்கவில்லை. "பேர மாத்தினா சோடி அடியையும் மாத்தணும். இல்லாட்டி நொண்டும்" என்று சொல்லி, வாசலில் ஜீப் வந்து நிற்கும் வரைக்கும் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கோகி, எங்க வீட்டு மாப்பிள்ள காதல் கவித எழுதியிருக்காரு. ஒருக்கா பிழை பாத்துச் சொல்லு."

கோகிலா சிரித்துக்கொண்டே ஃபோனை வாங்கினாள். முதல் இரண்டு அடியிலேயே சிரிப்பு நின்றது. மேலே தள்ளவும் இல்லை, கீழே தள்ளவும் இல்லை. திரை தானாக இருண்டு போயிற்று. இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஜயகலாதான் விரலால் தட்டி வெளிச்சம் வர வைத்தாள்.

கோகிலா கடைசி வரைக்கும் போனாள். கடைசி இரண்டு அடியில் நெடுநேரம் நின்றாள்.

"இத... அவரே எழுதினாரா?"

"எவரு?"

"மாப்பிள்ளதான்."

"அப்பிடித்தான் சொல்றாரு. பிழை இருக்கா?"

"இல்லக்கா. பிழையொண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு." ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். "எனக்கு கிளாஸ் இருக்கு."

அடுத்த பாடவேளை கோகிலாவுக்கு ஓய்வு. நேரசூசி போட்டவளே விஜயகலாதான். ஆனாலும் கல்யாண வீட்டு விஷயம் என்று நினைத்துக் குறை சொல்லக் கூச்சப்படுகிறாளாக்கும் என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் அவளுக்கே பிடிக்கவில்லை.

பழைய பரீட்சைத்தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுக் கவிதையை முழுசாக எழுதினாள். குமாரி வேண்டாம் என்று சொன்ன அதே சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஆங்கிலக் கவிதைக்குப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்கிற மாதிரியே மேசையில் தட்டிப் பார்த்தாள். தானன தானன தானன தானா. ஒவ்வொரு அடிக்கும் நாலு சீர். ஒவ்வொரு சோடிக்கும் எதுகை. அங்கங்கே ஒரு சீர் கொஞ்சம் நீண்டாலும் சோடியில் இரண்டு அடியும் சேர்ந்தே நீண்டன. மழைவிட்ட, குழைவிட்ட. விரல்நுனி, குரல்வழி. ஆயினும், வாயினில். பன்னிரண்டு அடி வரைக்கும் மெழுகின தரை மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

பதின்மூன்றாம் அடியில் தடுக்கியது.

*குமாரி என்றுநான் கூப்பிடும் போது*
*போகிற நேரமும் போவதும் ஏது*

மறுபடியும் தட்டினாள். 'போகிற' நேராக இறங்கியது. 'குமாரி' இறங்கவில்லை, உள்ளே போகாத சாவி மாதிரி அடித்தது. எதுகையும் இல்லை. 'போ' நெடில், 'கு' குறில். அங்கே இரண்டாம் எழுத்து 'கி', இங்கே 'மா'. பன்னிரண்டு அடியை இப்படிக் கண்ணும் கருத்துமாகக் கட்டினவன், தான் கட்டிக்கொள்ளப் போகிறவளின் பேர் வருகிற இடத்திலா கோட்டை விடுவான்?

மாட்டான். அந்த இடத்தில் வேறொரு பேர் இருந்திருக்கிறது.

விஜயகலாவுக்குக் காது சூடாகியது. நான் நினைத்தது சரியாகப் போயிற்றே! வேறு எவளுக்கோ கட்டின பாட்டைப் பேர் மாற்றி என் தங்கச்சிக்கு அனுப்பியிருக்கிறான். ருவான்வெல்லையில் நாலு பேர் மறைத்ததைப் பதின்மூன்றாம் அடி காட்டிக் கொடுத்துவிட்டது.

அப்படியானால் அவள் யார்? முதல் எழுத்து நெடில், இரண்டாவது ககர வரிசை, 'போகிற' மாதிரி ஒலிக்க வேண்டும். ராகினி என்று எழுதினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. மேகலா என்று எழுதினாள். அதுவும் உட்கார்ந்தது. இரண்டு பேருக்கும் கீழே கோடு போட்டாள். ருவான்வெல்லையில் ஒரு ராகினியோ மேகலாவோ இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பரிசம் கிடையாது என்று அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டாள்.

---

குமாரிக்கு மோதிர அளவு பார்க்க விதுர்ஷன் அன்று பின்னேரம் கஹவத்தைக்கு வருவதாக இருந்தது. அவன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, முதலில் கண்ணில் பட்டது விஜயகலாதான்.

"வாங்க தம்பி, ஒரு டீ குடிச்சிட்டுப் போவோம்."

அவன் திகைத்தாலும் பின்னாலேயே வந்தான். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஹோட்டலில் மூலை மேசையாகப் பார்த்து உட்கார்ந்தாள். 'கிரி தே தெகக்' என்று கடை முதலாளியிடம் அவன் இரண்டு பால் டீ சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் கேட்டுவிட்டாள்.

"ராகினி யாரு?"

"எந்த ராகினி அண்ணி?"

"சரி, மேகலா?"

"மேகலா எங்க பெரியம்மாங்க. யட்டியாந்தோட்டையில இருக்காங்க. அவங்களையும் பரிசத்துக்குக் கூப்பிட்டிருக்கோமே!"

பெரியம்மாவுக்கு யாரும் காதல் சொனெட் எழுத மாட்டார்கள். விஜயகலா பரீட்சைத்தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

"தம்பி, நான் இந்த வேலைய பதினெட்டு வருசமா பாக்குறேன். இது குமாரிக்கு எழுதின கவித இல்ல. இந்த எடத்துல வேற பேரு இருந்திருக்கு. யாரு அவ? நீங்களா சொன்னா நல்லது. நானா கண்டுபுடிச்சா ஞாயித்துக்கெழம நீங்க ருவான்வெல்லைய விட்டே வர வேணாம்."

விதுர்ஷனுடைய முகம் வெளுத்தது. சிவப்புக் கோடுகளைப் பார்த்தான். பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணி, சத்தியமா நான் எழுதல்லீங்க."

"பெறகு?"

"குமாரி கவித கேட்டுக்கிட்டே இருந்தா. எனக்கு ரெண்டு வரி சேந்தாப்ல எழுத வராது. அண்ணேகிட்ட சொல்லி அழுதேன். அவருதான் குடுத்தாரு."

"எந்த அண்ணே?"

"நம்ம இந்திரன் அண்ணேதான். ஒங்க வீட்டுக்காரரு."

விஜயகலா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எதுல எழுதிக் குடுத்தாரு?"

"எழுதியெல்லாம் குடுக்கல்ல. போன வாரம் என்னைய வேன்ல கொண்டு போயி விட்டாருல்ல, அப்ப ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டே கடகடன்னு மனப்பாடமா சொன்னாரு. நான் ஃபோன்ல டைப் பண்ணிக்கிட்டே வந்தேன்." அவன் தயங்கினான். "அண்ணி, குமாரிகிட்ட சொல்லிறாதீங்க. ரொம்ப சந்தோசமா இருக்கா."

"இந்த அடிக்கு வந்தப்ப என்ன சொன்னாரு?"

"அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் நிறுத்தினாரு. பெறகு, 'இங்க ஒங்க ஆளு பேரப் போட்டுக்கங்க தம்பி'ன்னாரு. நான் குமாரின்னு போட்டுக்கிட்டேன்."

பரிசத்தை ஏன் முன்னுக்குப் போட்டீர்கள் என்றும் கேட்டாள். அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் வருகிறது, அதற்கு முன்னால் பார்க்க ஆசைப்படுகிறார் என்றான். அவ்வளவு சின்ன விஷயம். அவன் மேல் வைத்திருந்த சந்தேகமெல்லாம் டீ ஆறுவதற்குள் ஆறிப் போயிற்று.

"நீங்க வீட்டுக்குப் போங்க தம்பி. குமாரி பாத்துக்கிட்டு இருப்பா. நான் மெதுவா வர்றேன்."

---

வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் விஜயகலாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைப்பானேன்?

பதினெட்டு வருஷத்தில் ஒரு பிறந்தநாளுக்குக்கூட ஒரு வரி எழுதாத மனிதர். கேட்டால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையை அனுப்புவார். அவரா இதைக் கட்டினார்? வெண்பொடி என்று எழுதியிருக்கிறாரே, அது மாவு இல்லை, சோக்கட்டித் தூள்! தினமும் பாடசாலை விட்டு வரும்போது என் விரலில் இருக்கிற தூள்! 'வாயினில் வார்த்தைகள் வந்ததும் இல்லை.' அவரேதான், வேறு யார்? பதினான்கு அடியும் ஒன்பதாம் அடித் திருப்பமும் என் சனிக்கிழமைப் பாடம். பலகைக்கு அந்தப் பக்கம் வேன் சீட்டைத் தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எனக்காகக் கட்டி, சிவப்புப் பேனாவுக்குப் பயந்து கொடுக்காமலே வைத்திருந்திருக்கிறார்.

அவளுக்குக் கண்கூடக் கலங்கியது. ஏறிக்கொண்டே தன் பேரைப் பதின்மூன்றாம் அடியில் வைத்துச் சொல்லிப் பார்த்தாள்.

கலா என்றுநான் கூப்பிடும் போது. தட்டியது. சீர் போதவில்லை.

விஜயா என்றுநான். அதுவும் தட்டியது. முதல் எழுத்து குறில்.

விஜி. கலாம்மா. கல்யாணமான புதிதில் அவர் கூப்பிட்ட பேர்கள், கோபத்தில் கூப்பிட்ட பேர்கள், யாரும் இல்லாதபோது ஒரே ஒரு தடவை கூப்பிட்ட பேர் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட உட்காரவில்லை. 'போகிற' அசையாமல் இருந்தது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. சொனெட் என் பாடம், சரி. எதுகை என் பாடம் இல்லையே! ஆங்கிலக் கவிதையில் எதுகையே கிடையாது. சோடி சோடியாக எதுகை வைத்துக் கட்ட அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

சனிக்கிழமை இரண்டாவது பாடம் தமிழ். அது முடிகிற நேரத்துக்கு ஓப்பநாயக்கவுக்கு பஸ் சரியாகக் கிடைக்காது என்று, டீச்சரை வேனில் கொண்டு போய் விடுகிறவர் அவர். 'தனியாப் போகவேணாம், நீங்க விட்டுட்டு வாங்க' என்று சொல்லி அனுப்புகிறவளே விஜயகலாதான். அந்த டீச்சரின் விரலிலும் சோக்கட்டித் தூள்தான்.

பேர் தானாக வந்து பதின்மூன்றாம் அடியில் உட்கார்ந்தது. நெடில், ககரம், நேராக இறங்கும் ஓசை. பிழையொன்றும் இல்லை என்று சொன்னவளின் பேர். நொண்டுகிற அடியைப் பார்த்துக்கொண்டே, முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு எழுந்து போனவளின் பேர்.

விஜயகலா நடு ரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த தண்ணீர் பவுசர் பிரேக் அடித்தது. "அக்கே, அய்ன் வென்ட!" என்று டிரைவர் ஓரம் போகச் சொல்லிக் கத்தினான். விலகி நின்று, மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

இருந்தாலும் அவள் நியாயம் தெரிந்தவள். ராகினியும் பொருந்தினாள், மேகலாவும் பொருந்தினாள். சற்று முன்னால் ஒரு அப்பாவிப் பையனை இதே கணக்கை வைத்துத்தானே திருடனாக்கினேன்? ஓசையை மட்டும் நம்பி ஒருத்தியின் மேல் பழி போட முடியுமா? நேரே கேட்டால் அவர் இல்லை என்பார். இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன், ஆம் என்று சொன்னால் தாங்க மாட்டேன். சண்டை வந்தால் ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றத் தகப்பன் இடத்தில் யார் நிற்பது? காரணம் தெரிந்தால் மாப்பிள்ளை வீடு அப்படியே திரும்பிப் போய்விடும். குமாரியின் வாழ்க்கை என் வாயில் இருக்கிறது.

கேட்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டாள். வாசித்துப் பார்க்கலாம்.

---

வீட்டில் எல்லாரும் முன்னறையில் இருந்தார்கள். ஜவ்பர் நானா கொடுத்தனுப்பிய, மீன் வைத்த மாலு பனிஸ் தட்டில் இருந்தது. விதுர்ஷன் அவளைப் பார்த்ததும் கண்ணாலேயே கெஞ்சினான். இந்திரகுமார் கதவோரத்து நாற்காலியில், கோப்பையைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். பனிஸ் ஒன்றைப் பிட்டு அவளுக்காக எடுத்து வைத்திருந்தார். எப்போதும் செய்கிறதுதான்.

"அக்கா, பிழை பாத்திட்டியா?" என்றாள் குமாரி. "எத்தன புள்ளி?"

"வாசிச்சுக் காட்டுறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க."

விதுர்ஷன் நெளிந்தான். குமாரி கையைத் தட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். விஜயகலா நின்றுகொண்டே, தாளைக் கையில் பிடித்து, வகுப்பில் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தாள். மழைவிட்ட சாலை. குழைவிட்ட கொம்பு.

வாசிக்க வாசிக்க, கதவோரத்தில் ஒரு விரல் கோப்பையைத் தட்டத் தொடங்கியது. தானன தானன தானன தானா. இந்திரகுமார் கண்ணை மூடியிருந்தார். அவர் முகத்தில் அவள் வெகுநாளாகப் பார்க்காத ஓர் இளக்கம் இருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. கடவுளே, அந்த இடத்தில் இவர் திடுக்கிட வேண்டும், யார் பேர் அது என்று சிரித்துக்கொண்டு கேட்க வேண்டும், நான் முட்டாளாக வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே படித்தாள். ஒன்பதாம் அடி திரும்பியது. பன்னிரண்டும் முடிந்தது.

குரலை மாற்றவில்லை. வேகத்தையும் குறைக்கவில்லை.

"கோகிலா என்றுநான் கூப்பிடும் போது
போகிற நேரமும் போவதும் ஏது."

குமாரி வெடித்துச் சிரித்தாள். "ஐயோ அக்கா! என் பேர விட்டுட்டு ஒன் கூட்டாளி பேர வாசிச்சிட்ட!" விதுர்ஷனும் அடக்க முடியாமல் சிரித்தான்.

கோப்பையில் தட்டிக்கொண்டிருந்த விரல் கடைசிச் சீர் வரைக்கும் தட்டி முடித்தது. இந்திரகுமார் கண்ணைத் திறந்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் இரண்டு பேரையும் பார்த்தார்.

"எங்க? சரியாத்தானே வாசிச்சா?"

குமாரிக்கு இன்னும் சிரிப்பு வந்தது. "நீங்க தூங்கிட்டீங்க அத்தான்!" என்றாள்.

தான் சொன்னது என்னவென்று அவருக்கே இப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். கோப்பையைக் கீழே வைக்கப் பார்த்தார், வைக்கிற இடம் தெரியவில்லை. விஜயகலாவைப் பார்த்தார். அவள் தாளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா குமாரி. வாய் தவறிருச்சு" என்றாள். "நல்ல கவித. தொண்ணூறு புள்ளி குடுக்கலாம்." விதுர்ஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குமாரி அவன் தோளில் செல்லமாகத் தட்டினாள்.

விஜயகலா தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். பின்னாலேயே செருப்புச் சத்தம் வந்தது.

"கலா, நான் சொல்றத கொஞ்சம்..."

"மெதுவா பேசுங்க. மாப்பிள்ள இருக்காரு." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். "ஞாயித்துக்கெழம தட்ட மாத்தி முடிங்க. அது வரைக்கும் எனக்கு ஒரு வார்த்தையும் வேணாம்."

அவர் நகராமல் நின்றார்.

"இன்னொன்னு. சனிக்கெழம கிளாஸ் முடிஞ்சதும் நீங்க வேன எடுக்க வேணாம். கோகிலாவ நான் கூட்டிட்டுப் போறேன், பஸ்ல."